வெளிநாட்டு டிவிடி ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நீலகிரியில் வெளியூர்ச் சொந்தம் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். மகள் டொரன்டோவில் இருப்பாள், மைத்துனர் துபாயில் இருப்பார். கூடலூர்ப் பக்கம் போனால் இலங்கையில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் ஆள் இருக்கும் குடும்பங்கள் உண்டு. வாட்ஸ்அப் வந்த பிறகு டிஸ்க் அனுப்புவது நின்றேபோய்விட்டது. ஆனால் அதற்கு முன்னால் வந்த கல்யாண சிடி, பிறந்தநாள் சிடி, அங்கே கடையில் வாங்கிய கார்ட்டூன் டிவிடி எல்லாம் பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. விசேஷத்துக்கு நாலு பேர் கூடினால் எடுத்துப் போடுவார்கள். ஓடாது. மறுநாள் பிளேயர் ஒரு துணிப்பையில் ஏறிக் கோத்தகிரியில் இருக்கும் என் கடைக்கு வந்துவிடும். அப்படி வருகிற பிளேயர்களில் பலவற்றில் ரிப்பேர் என்று ஒன்றுமே இருப்பதில்லை.

திருகாணியைக் கழற்றுமுன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடி விஷயத்தில் நாட்டுக்கு நாடு மாறுவது இரண்டு. ஒன்று மண்டல எண். இன்ன நாட்டில் விற்ற பிளேயரில்தான் இந்த டிஸ்க் ஓடவேண்டும் என்று படக் கம்பெனி போட்ட பூட்டு அது. இன்னொன்று வீடியோ முறை. பெட்டியின் பின்பக்கம் பி.ஏ.எல். அல்லது என்.டி.எஸ்.சி. என்று எழுத்தில் இருக்கும். முதலாவதைப் பேல் என்று படிப்போம். இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது. மண்டலம் ஒத்துவராவிட்டால் படம் தொடங்கவே தொடங்காது. முறை ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் படம் ஓடும், ஆனால் கோணல்மாணலாக ஓடும். இதில் எதுவும் இல்லையென்றால் அப்புறம் லென்ஸ், டிஸ்க், ஒயர் என்று பார்க்கலாம். நம் மலையில் ஈரம் என்று ஒரு எதிரியும் கூடவே உண்டு.

"ராங் ரீஜன்" என்று காட்டிவிட்டு நிற்கிறது

இது மண்டலப் பூட்டு. டிஸ்க்கில் கீறலும் இல்லை, பிளேயரில் பழுதும் இல்லை. அட்டைப்பெட்டியின் பின்னால் சின்ன உருண்டை, அதற்குள் ஓர் எண் இருக்கும், பாருங்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் 5. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா, ஜப்பான் இவை 2. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கொரியா, தைவான் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென் அமெரிக்கா 4. சீனா 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் என்றே 8 என்று ஒன்று தனியாக உண்டு. எண் இல்லாமல் "ஆல்" என்றோ 0 என்றோ இருந்தால் எங்கேயும் ஓடும்.

இந்தப் பிரிவினை எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஒரு படம் அமெரிக்காவில் தியேட்டரை விட்டு இறங்கி டிவிடியாக விற்கும்போது, வேறு நாட்டில் அது அப்போதுதான் ரிலீஸாகும். அந்த டிஸ்க் இங்கே வந்துவிட்டால் தியேட்டர் வசூல் போச்சு. அதோடு ஊருக்கு ஊர் விலையும் வேறு, விற்கும் உரிமை வாங்கியவரும் வேறு. எல்லாம் வியாபாரக் கணக்கு, தொழில்நுட்பத் தேவை எதுவும் இல்லை. டிஸ்க்கில் எட்டு மண்டலத்துக்கும் எட்டுக் குறிகள் இருக்கும். பிளேயர் தன் எண்ணுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் கதவை மூடிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் டோக்கியோவில் வாங்கிய டிஸ்க்கும் லண்டனில் வாங்கிய டிஸ்க்கும் ஒரே எண், ஆனால் வீடியோ முறை வேறு வேறு. ஹட்டனிலிருந்து வந்த டிஸ்க் என்றால் இந்த வம்பே இல்லை. எண்ணும் நம்முடையது, முறையும் நம்முடையது.

என்ன செய்வது? பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு பிளேயர் ஒன்று வீட்டில் கிடந்தால் முதலில் அதில் போட்டுப் பாருங்கள். இங்கே விற்ற அந்த மாதிரிப் பெட்டிகளில் பல எந்த எண்ணையும் கேட்பதில்லை. பெரிய கம்பெனிப் பிளேயர்தான் இந்த விஷயத்தில் கறாராக இருக்கும். சில மாடல்களில் ரிமோட்டை வைத்தே மண்டல எண்ணை மாற்றும் மெனு மறைந்திருக்கும். அது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பிளேயரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சரியாகக் குறித்துக்கொண்டு தேடுங்கள். யாரோ வேறு மாடலுக்குச் சொன்ன எண்களை வரிசையாக அமுக்கிப் பார்க்காதீர்கள். மொழியும் திரை அளவும் மாறிப்போய் இன்னொரு கோளாறு சேர்ந்துகொள்ளும்.

கையால் பதிவு செய்த டிஸ்க்குக்கு, அதாவது கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா டிஸ்க்குகளுக்கு, இந்தப் பூட்டு அநேகமாக இருக்கவே இருக்காது. அது ஓடவில்லை என்றால் காரணம் வேறு. விசிடிக்கும் மண்டலம் கிடையாது.

எல்லா மண்டலத்துக்கும் ஓடும் பிளேயர்தான், ஆனாலும் திரையில் உலக வரைபடம் வந்து நிற்கிறது

அமெரிக்க டிஸ்க் சிலவற்றில் மட்டும் வரும். பிளேயரை 0 என்று வைத்து எல்லா டிஸ்க்கையும் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்து, 2000 வாக்கில் சில ஹாலிவுட் கம்பெனிகள் ஆர்சிஇ என்ற இரண்டாவது சோதனையைச் சேர்த்தன. பிளேயர் கேட்பது போதாதென்று டிஸ்க்கே திருப்பிக் கேட்கும்: நீ எந்த மண்டலம்? "நான் எல்லாம்தான்" என்றால் வரைபடத்தைக் காட்டி நிறுத்திவிடும். எண்ணை 0-வில் விடாமல் 1 என்றே மாற்றி வையுங்கள், ஓடிவிடும். பார்த்து முடித்ததும் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டிஸ்க் மக்கர் பண்ணும்.

லேப்டாப்பில் போட்டால் "மண்டலத்தை மாற்றவா?" என்று கேட்கிறது

ஓகே அமுக்குவதற்கு முன் கீழே உள்ள வரியைப் படியுங்கள். இன்னும் எத்தனை தடவை மாற்றலாம் என்று அதில் இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர் டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதை வைத்தீர்களோ அதுவே நிலைத்துவிடும். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் போகாது, கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் அமெரிக்க டிஸ்க் நிறைய இருந்தால் யுஎஸ்பியில் மாட்டும் தனி டிரைவ் ஒன்று வாங்கி, அதை 1-இலேயே வைத்துவிடுவதுதான் தொல்லையில்லாத வழி.

டிவிடி உள்ளே போனபின் எதுவுமே கேட்காமல், எதுவுமே ஓடாமல் இருந்தால் அது வேறு கதை. விண்டோஸ் 8-லிருந்து டிவிடி ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள், அது இலவசம்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலிருந்து கீழாக உருள்கிறது

அதிகம் வருவது இதுதான். கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, ஒரு பாட்டி வந்தார்கள். 2006-க்கு அப்புறம் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவியையே மகனிடம் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பேரன் டொரன்டோவில் முதல் பிறந்தநாள் கொண்டாடிய டிஸ்க். போட்டதும் கேக் தெரிகிறது, பலூன் தெரிகிறது, எல்லாம் சாம்பல் நிறம். நொடிக்கு ஒருமுறை படம் மேலே ஏறி, நடுவில் ஒரு கறுப்புப் பட்டையோடு திரும்பக் கீழே இறங்குகிறது.

"தம்பி, டிவி செத்துப்போச்சா?"

"இல்ல பாட்டி, சன் டிவி கலராத்தானே வருது?"

"அது நல்லா வருது. இந்தக் குழந்தைதான் வரமாட்டேங்குது."

பிளேயரின் ரிமோட்டில் கீழ் வரிசையில் "பி/என்" என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தடவை அமுக்கினேன், படம் இன்னும் வேகமாக உருண்டது. இன்னொரு தடவை அமுக்கினேன். நின்றது, பலூன் சிவப்பானது. பாட்டி டிவிக்குக் கிட்டே போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். கூலி கேட்கிற வேலையே இல்லை அது.

நடந்தது என்ன? கனடாவில் வீடியோ முறை என்டிஎஸ்சி. நொடிக்கு ஏறத்தாழ 30 படம், ஒவ்வொன்றிலும் 480 வரிகள். நம்முடையது பேல்: நொடிக்கு 25 படம், 576 வரிகள். மின்சாரம் அமெரிக்காவில் நொடிக்கு 60 தடவை துடிக்கிறது, ஐரோப்பாவிலும் இங்கேயும் 50 தடவை. பழைய டிவிகள் அந்தத் துடிப்பை ஒட்டியே வடிவமைக்கப்பட்டதால் வந்த வித்தியாசம் இது. அமெரிக்காவில் என்டிஎஸ்சி கலர் 1953-லேயே வந்துவிட்டது. அதில் வழியில் நிறம் மாறிப்போகும் குறையைச் சரிசெய்யத்தான் ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புருக் 1960-களில் பேல் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவுக்குக் கலர் ஒளிபரப்பு 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பேல். ஜப்பான்காரர்கள் கதை வேடிக்கையானது. நாட்டின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50, மேற்குப் பாதியில் 60, ஆனால் டிவி முழுக்க என்டிஎஸ்சி.

பேல் மட்டும் தெரிந்த டிவிக்கு என்டிஎஸ்சி சிக்னல் போனால் இரண்டு சிக்கல். நிறத்தைச் சுமந்து வரும் அலை பேலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58. டிவி தேடும் இடத்தில் நிறம் இல்லாததால் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. 50-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 60 வருவதால் படம் உருள்கிறது.

சரி, செய்ய வேண்டியது: பிளேயரின் செட்டப் மெனுவில் "டிவி டைப்" என்று இருக்கும். அது "ஆட்டோ"வில் அல்லது "மல்டி"யில் இருந்தால் டிஸ்க் எப்படியோ அப்படியே வெளியே அனுப்பும். அதைப் "பேல்" என்று வையுங்கள். பிளேயரே மாற்றி அனுப்பும். ரிமோட்டில் பி/என் பொத்தான் இருந்தால் மெனுவுக்கே போகவேண்டாம். அப்படியும் நிறம் வந்து உருளல் மட்டும் நிற்கவில்லை என்றால், அந்தப் பிளேயர் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு 60-ஐ அப்படியே விடுகிறது என்று அர்த்தம். ரொம்பப் பழைய டப்பா டிவியில் அது தாங்காது, கொஞ்சம் புது டிவியில் ஓடும். டிவியின் மெனுவிலும் "கலர் சிஸ்டம்" என்று ஒன்று உண்டு, அதை ஆட்டோவில் வையுங்கள். பிளேயருக்கு எதிர்மாறாக டிவியில் ஆட்டோதான் நல்லது. எல்இடி டிவிகள் பெரும்பாலும் இரண்டு முறையையும் தாமே கண்டுகொள்ளும்.

உருளாமல், வெறுமனே கறுப்பு வெள்ளையாக, மெல்லிய புள்ளிகளோடு நின்றால் டிவியின் பின்னால் கை விட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒயர் பச்சை ஓட்டையில் மாட்டியிருக்கும். வீட்டைக் கூட்டும்போது கழன்று, யாரோ இருட்டில் திரும்பச் சொருகியிருப்பார்கள். பிளேயரின் மெனுவில் வீடியோ அவுட் "ஒய்யுவி" என்றோ "பி-ஸ்கேன்" என்றோ மாறியிருந்தாலும் மஞ்சள் ஒயரில் படம் கெடும், சில சமயம் வரவே வராது.

முகம் நீண்டு ஒல்லியாகத் தெரிகிறது, அல்லது எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள்

இது நாட்டுப் பிரச்சினை இல்லை. பழைய டிவியின் அகலத்துக்கு 4:3, புதுசுக்கு 16:9. செட்டப் மெனுவில் உங்கள் டிவி எதுவோ அதை வையுங்கள். 4:3-இல் "லெட்டர்பாக்ஸ்" என்று வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் முழுப் படமும் தெரியும். "பான் ஸ்கேன்" வைத்தால் திரை நிறையும், குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற மாமாவைக் காணோம்.

பாட்டு சுருதி ஏறிக் கேட்கிறது, படமும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது

காது நல்ல காது உங்களுக்கு. சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 படம். பேல் டிவிடிக்கு நொடிக்கு 25 வேண்டும். பெரும்பாலும் அதைக் கொஞ்சம் வேகமாக ஓட்டியே பதிவு செய்துவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஆறு நிமிடக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம், எதுவும் வெட்டப்படவில்லை. சுருதியைத் தனியே திருத்தாமல் விட்டால் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். ஆர்மோனியத்தோடு வாசித்துப் பார்ப்பவர்களுக்கு எந்தக் கட்டையிலும் சேராமல் எரிச்சலாக இருக்கும்.

என்டிஎஸ்சி டிஸ்க்கில் வேகம் மாறாது. ஆனால் 24 படத்தை 60 துடிப்புக்குள் அடைக்க ஒரு படத்தை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டுவார்கள். அதனால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி, தேயிலைச் சரிவை இடமிருந்து வலமாகக் காட்டும் மாதிரிக் காட்சி, லேசாகத் திக்கித் திக்கி நகரும். பிளேயரில் கை வைக்க ஒன்றும் இல்லை. வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்து வந்த இந்தியப் பட டிவிடிகளில் ஏராளமானவை என்டிஎஸ்சியில்தான் வந்தன. அதனால் நம்மூர்ப் படத்திலேயே இந்தத் திக்கலைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது கை வீசினால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால், அது ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பிரித்துப் பதிவு செய்ததன் விளைவு. விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்யுங்கள், போய்விடும்.

இங்கே நன்றாக ஓடுகிற கல்யாண டிஸ்க் கனடாவில் ஓடவில்லையாம்

இந்தப் புகார் போனில் வரும். இங்கே ஸ்டூடியோக்கள் பேலில்தான் பதிவு செய்கின்றன. நம் பிளேயர்கள் என்டிஎஸ்சியை ஏற்றுக்கொள்வது போல அந்த ஊர்ப் பிளேயர்கள் பேலை ஏற்பது அரிது. அங்கே இரண்டு முறையும் தெரிந்த பெட்டியைத் தேடி வாங்கவேண்டும். லண்டன், துபாய், சிங்கப்பூர், சிட்னிக்கு அனுப்பும் கல்யாண டிஸ்க்குக்கு இந்தக் கவலை இல்லை, எல்லாம் பேல் ஊர்கள். பிரான்சில் டிவி ஒளிபரப்பு செகாம் என்ற மூன்றாவது முறையில் இருந்தது. ஆனாலும் டிவிடியில் செகாம் என்று கிடையாது, அங்கேயும் பேல் டிஸ்க்தான்.

கனடாக்காரர்களிடம் முதலில் சொல்லவேண்டியது, "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க". கம்ப்யூட்டருக்குப் பேலும் ஒன்றுதான், என்டிஎஸ்சியும் ஒன்றுதான். ஸ்டூடியோவில் என்டிஎஸ்சியாக மாற்றித் தரச் சொல்லலாம், தருவார்கள். ஆனால் 25 படத்தை 30 ஆக்கும்போது அசைவு தடுக்கும், கவனமில்லாமல் செய்தால் நாதஸ்வரம் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம். எம்பி4 கோப்பாக ஒரு பென்டிரைவில் வாங்கி அனுப்பிவிடுங்கள். ஆனால் அதே பென்டிரைவை இங்கே பழைய டிவிடி பிளேயரின் யுஎஸ்பியில் சொருகி ஓடவில்லை என்று வராதீர்கள். அந்தப் பிளேயர்களில் பலவற்றுக்கு டிவ்எக்ஸ் காலத்து ஏவிஐ கோப்புதான் தெரியும், போனில் எடுக்கும் வீடியோ தெரியாது. பென்டிரைவும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கவேண்டும்.

"நோ டிஸ்க்" என்று வருகிறது

மண்டலமும் இல்லை, முறையும் இல்லை. பிளேயரால் டிஸ்க்கைப் படிக்கவே முடியவில்லை. மலையில் இதற்குத்தான் நிறைய நேரம் போகிறது.

முதல் கேள்வி, குளிர். ஊட்டியில் உறைபனிக் காலத்தில் ராத்திரி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த பிளேயர், காலையில் அதே அறையில் ஹீட்டரோ அடுப்போ எரிந்து காற்று சூடானதும் உள்ளே வியர்க்கும். லென்ஸ் மேல் ஆவி படிந்தால் லேசர் டிஸ்க்கைப் பார்க்காது. சுவிட்சை அணைத்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். மூடியைக் கழற்றி ஹேர் டிரையர் காட்டுவது வேண்டாம்.

அடுத்தது பூஞ்சணம். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் துணியே காயாது, டிஸ்க் எப்படித் தப்பும்? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நூல் நூலாகக் கிளைவிட்ட வெள்ளைப் படலம் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம், மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவு போதும். நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் டேட்டா ஓடும் திசையிலேயே நீளமாக அழித்துவிடும், குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் சமாளித்துக்கொள்ளும். இங்கே எல்லார் வீட்டிலும் நீலகிரித் தைலம் இருப்பதால் அதில் துடைத்துக் கொண்டுவருகிறார்கள். தைலம் தலைவலிக்கு நல்லது. டிஸ்க்கில் எண்ணெய்ப் படலம் தங்கும், பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

கல்யாண டிஸ்க் மேல் மணமக்கள் படத்தைக் காகித ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவது ஒரு வழக்கம். ஈரத்தில் அந்தக் காகிதம் ஊதி, டிஸ்க் லேசாக வளைந்து, உள்ளே சுற்றும்போது கடகடவென்று ஆடும். பிய்த்து எடுக்க முயலாதீர்கள், கூடவே பளபளப்பும் உரிந்து வந்தால் கல்யாணமே போச்சு. கம்ப்யூட்டர் டிரைவில் மெதுவாக ஓட்டிக் காப்பி எடுத்துக்கொள்வதுதான் வழி.

டிஸ்க் சுத்தமாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு விசிடி அல்லது பாட்டு சிடி போடுங்கள். அது ஓடி, டிவிடி மட்டும் ஓடவில்லையென்றால் டிவிடிக்கான லேசர் தளர்ந்துவிட்டது. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, இரண்டும் தனித்தனி ஒளி. ஒன்று போய் ஒன்று நிற்பது சகஜம். கடையில் வாங்கிய வெள்ளி நிற டிவிடி ஓடி, அடிப்பக்கம் ஊதா சாயம் தெரியும் பதிவு டிஸ்க் மட்டும் ஓடவில்லையென்றால் லேசர் தளர ஆரம்பித்திருக்கிறது, அல்லது லென்ஸில் தூசி. பதிவு டிஸ்க்கின் சாயம் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லென்ஸ் மாற்றுவதா, பிளேயரையே மாற்றுவதா என்பது விலையைப் பொறுத்தது.

கையடக்க கேமராவில் பதிவான 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க் எடுத்த கேமராவில் மட்டும் ஓடுகிறது என்றால், அதை "ஃபைனலைஸ்" செய்யவில்லை, அதாவது மற்றப் பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடவில்லை. அதே கேமராவில் போட்டு அந்த மெனுவை ஓட்டவேண்டும். கேமராவைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டீர்களா? அப்போது கம்ப்யூட்டரில் மீட்டெடுக்கும் மென்பொருள்தான் கதி.

ப்ளூரே டிஸ்க்கைப் போட்டாலும் டிவிடி பிளேயர் நோ டிஸ்க்தான் சொல்லும். அதன் ஒளியே நீல ஊதா, 405 நானோமீட்டர். ப்ளூரேக்கு மண்டலம் எழுத்தில்: அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, நாமும் சீனாவும் ரஷ்யாவும் சி.

படம் சரி, சத்தம் இல்லை

டிஸ்க்கில் டிடிஎஸ் ஒலி ஓடிக்கொண்டிருக்கும், பிளேயருக்கு அது தெரியாது. ரிமோட்டில் "ஆடியோ" பொத்தானை அமுக்கி டால்பிக்கு மாற்றுங்கள்.

நடுவில் ஒரு நொடி நின்று திரும்ப ஓடுகிறது

ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும், ஒரு நொடி மட்டும் என்றால் அது கோளாறே இல்லை. 8.5 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. லேசர் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் அது. கட்டம் கட்டமாக உடைந்து, படத்தின் கடைசி அரைமணியில் மட்டும் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கின் வெளி விளிம்பைப் பாருங்கள். ஓரடுக்கு டிவிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது. நாம் விரலால் பிடிக்கும் விளிம்பில்தான் முதலில் அழுக்கும் கீறலும் சேரும்.

கனடாவிலிருந்து பிளேயரையே கொண்டுவந்துவிட்டோம், செருகியதும் டப்பென்றது

செருகுமுன் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படித்திருக்கவேண்டும். "100-240" என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். "120 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் நம் 230 அதைக் கொளுத்திவிடும். இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டக்கூடாது. டப்பென்ற பிறகு வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவு.

புது டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை

பல டிவிகளில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கும், அதில் மூன்று தலை ஒயர் போகும். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பின்னின் வரிசை மாறும். படம் வராமல் இரைச்சல் கேட்டால் மஞ்சளைச் சிவப்பின் இடத்தில் மாற்றிச் சொருகிப் பாருங்கள், பல சமயம் அங்கேதான் படம் இருக்கும். எச்டிஎம்ஐக்கு மாற்றும் குட்டிப் பெட்டி வாங்கினால் அதன் பக்கவாட்டில் பேல், என்டிஎஸ்சி என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிஸ்க்குக்கு ஏற்ப நகத்தால் தள்ளவேண்டும்.

இத்தனையும் பார்த்தும் ஓடாமல் கடைக்குக் கொண்டுவருவதானால் பிளேயரோடு ஓடாத டிஸ்க்கையும் ரிமோட்டையும் எடுத்துவாருங்கள். டிவி டைப்பும் மண்டலமும் ஒளிந்திருக்கும் மெனுவைப் பிளேயரின் முன்பக்கப் பொத்தான்களால் திறக்க முடியாது. ரிமோட் வீட்டில் இருக்கிறது என்றால் மறுபடியும் ஒரு பஸ் பிடிக்கவேண்டியதுதான்.